ஜெனோவா மைனி கையில் பிடிச்ச வயர்

சிப்பிமுனைக்காரியளுக்கு வாய் நீளம்னு சுத்துப்பட்டுல யாரைக் கேட்டாலும் சொல்லுவாவ, சொல்லட்டும், எங்களுக்கு அதுல ஒரு வெக்கமும் கிடையாது, ஏன்னா அந்த வாய் எவ்வளவு தூரம் நீளும்னு கடலுக்கே காட்டிக் கொடுத்தவிய நாங்க. அந்தக் கதையைத்தான் சொல்லப்போறேன், நடுவுல 'அது எப்படி முடியும், இது எப்படி நடக்கும்'னு கேக்கதா இருந்தா இப்பவே எந்திரிச்சுப் போயிருங்க.

என் பேரு பிரகாசி. வள்ளத்துல கடலுக்குப் போற கயத்தான் என் கூடப்பிறந்த அண்ணன், அவன் கட்டிக்கிட்டு வந்தவ ஜெனோவா மைனி. வந்த அன்னைக்கே எங்க அம்மாகிட்ட "குழம்புல புளி கூடிப்போச்சு மாமி"ன்னு சபையில சொன்னவ, அதனால எங்க எல்லாருக்கும் அவளைப் பிடிச்சுப் போச்சு.

மாதா கோயில் திருவிழாவுக்குக் கொடியேத்துற நாள் அது. ஊர்ல சவுண்ட் சர்வீஸ் வச்சிருக்க ராயப்பு அண்ணன், தேய்ச்ச வெள்ளைச் சட்டை கசங்காம ஏணியில ஏறிக் குழாய் ஸ்பீக்கர் கட்டுற ஒரே ஆளு, அன்னைக்குக் கோயில் கோபுரத்துல நாலு பக்கமும் குழாயைக் கட்டிட்டு, வெளியூர்ல வேற வேலைக்குப் பெரிய ஆம்ப்ளிஃபையரை அனுப்பிட்டதால சின்னதை வச்சு ஒப்பேத்திரலாம்னு நினைச்சாரு. சின்ன ஆம்ப்ளிஃபையரைக் கடைசி வரைக்கும் திருகி வச்சா அது பாடாது, கிழியும், அந்தக் கிழிஞ்ச சத்தந்தான் ஸ்பீக்கரோட காயிலைக் கருக்கும்னு ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிற மனுஷன் தானே அதைச் செய்தாரு. பாட்டு இழுத்துச்சு, இருமுச்சு, குழாய் கருகுமுன்ன ஆம்ப்ளிஃபையரே நின்னுபோச்சு. கோபத்துல அவரு ஆம்ப்ளிஃபையர்ல இருந்து பிடுங்கி எறிஞ்ச வயரு எங்க அண்ணன் வீட்டு முத்தத்துல காஞ்சிக்கிட்டு இருந்த நெத்திலி மேல வந்து விழுந்துச்சு.

மைனி நெத்திலி பாழாயிரும்னு அந்த வயரோட பிரிஞ்ச ரெண்டு முனையையும் ரெண்டு கையில எடுத்தா, அப்பப் பார்த்து ஒரு காக்கா வந்து இறங்குச்சு, அவ எப்பவும் போல, "போ சனியனே, இது என்ன ஒன் மாமியா வீடா?"ன்னு விரட்டுனா. அந்தச் சத்தம் கோபுரத்து நாலு குழாய்லயும் வந்துச்சு. கரண்ட் கிடையாது, ஆம்ப்ளிஃபையர் கிடையாது, மைக் கிடையாது, மைனியும் ரெண்டு முனையுந்தான். கடற்கரையில இருந்த அத்தனை காக்காயும் எந்திரிச்சுப் பறந்துச்சு, கொடிக்கம்பத்துக்கிட்ட ஜெபப் புஸ்தகத்தோட நின்ன சாமியார் ரெண்டு எட்டு தள்ளிப் போயி நின்னாரு, எங்க அம்மா அடுப்படியில இருந்து எட்டிப் பார்த்து, "ஏளா, பிடிச்ச வயரை விட்ராத, கொடியேத்தம் முடியட்டும்"ன்னு சொன்னாவ. அன்னைக்குக் கொடியேத்த ஜெபம் முழுசும் மைனி வாயாலதான் ஊருக்குக் கேட்டுச்சு.

அடுத்த ஊர்ல இப்படி நடந்திருந்தா பந்தல் போட்டு, உண்டியல் வச்சு, ஆளைத் தூக்கி மேல உக்கார வச்சிருப்பாவ. நாங்க அப்படி இல்லை. மின்சார ஆபீஸ்ல இருந்து ஒருத்தர் வந்து மைனி முழங்கையில டெஸ்டரை வச்சுப் பார்த்தாரு, அது எரிஞ்சுச்சு, ஆனாலும் "லீக்கேஜ் ஒண்ணும் இல்லை"ன்னு சொல்லிட்டுக் காப்பி குடிச்சிட்டுப் போனாரு. சாமியாரு ஞாயித்துக்கிழமை பிரசங்கத்துக்கு அவளைக் கேட்டாரு, அவ மீன் அறுக்கிற வேலை இருக்குன்னு சொல்லிட்டா. பொம்பளையள் எல்லாம் கடற்கரையில விளையாடுற பிள்ளையளைச் சோத்துக்குக் கூப்பிட மைனியைத்தான் தேடி வந்தாளுவ, அவளும் கழுவின கையைச் சேலையில துடைச்சிக்கிட்டு வயரைப் பிடிச்சு, "சோறு ஆறுது, வந்து தொலைங்க"ன்னு ஒரு குரல் குடுப்பா, எந்தப் பிள்ளையைக் கூப்பிட்டாளோ அதுவும் வரும், கூப்பிடாததும் வரும்.

ராயப்பு அண்ணனுக்குத்தான் இருப்புக் கொள்ளலை. மைனிக்கு எத்தனை வாட்ஸ்னு கண்டுபிடிக்காம அந்த மனுஷனுக்குச் சோறு இறங்காது போல. ஒத்தக் குழாயைக் கொண்டுவந்து அவ கையில கட்டி, "எதாவது சொல்லு தங்கச்சி, மெதுவா"ன்னாரு, அவ "சாப்பிட்டியளா அண்ணே"ன்னு மரியாதையாத்தான் கேட்டா, குழாய்க்குள்ள காயில் கருகி, வார்னிஷ் தீயுற நாத்தம் தெரு முழுக்க அடிச்சுது. அப்புறம் ரெண்டு கட்டுனாரு, மூணு கட்டுனாரு, குழாய் கூடக் கூட ஒவ்வொண்ணும் பிழைச்சுது, ஆனா மைனி உடம்பு சுட ஆரம்பிச்சுது. அவரு ஒய்ஃப் லில்லி அக்காவை மைனி நெத்தியில கையை வச்சுப் பார்க்கச் சொல்லிட்டு, குழாயை மாத்தி மாத்திக் கட்டி, கடைசியில ஒரு நாள் கடற்கரையில நின்னு ஊருக்கே கேக்கச் சொன்னாரு:

"எல்லாரும் கேட்டுக்கிடுங்க! ஆம்ப்ளிஃபையர்னா அதுக்கு ஏத்த சுமை வேணும். ஒத்தக் குழாயில குடுத்தா இவ சக்தியைத் தாங்காமக் குழாய் கருகும். அதுக்குன்னு ஆளாளுக்கு நேரா இவ கையில இருந்து வயரை இழுத்தா, ஒவ்வொரு குழாயும் இவகிட்ட இருந்து தனித்தனியா உறிஞ்சும், அப்ப இவ கருகுவா. ஒரு குழாய்க்குப் பின்னால இன்னொரு குழாயைக் கோத்துக் கட்டணும். கோத்துக் கட்டுனா எல்லாக் குழாய்லயும் ஒரே கரண்ட்தான் ஓடும், இவளுக்குச் சூடு ஏறாது, எத்தனை குழாய் வேணும்னாலும் போடலாம்."

முதல் பாதியை மட்டும் ஊரு கேட்டுக்கிடுச்சு. நிறையக் குழாய் வேணும்! அம்புட்டுதான், வீட்டுக்கு வீடு குழாய் வாங்கிட்டாவ. வெள்ளை, பச்சை, ஊதான்னு பெயிண்ட் அடிச்சு, வீட்டுப் பேரை எழுதி, மொட்டை மாடியில, ஓட்டு மேல, தென்னை மரத்துலன்னு கட்டி, எல்லாம் கடலைப் பார்த்து வாயைப் பிளந்துக்கிட்டு நின்னுது. அதைப் பார்க்கும்போது எனக்கு மாரு விம்மிப் போவும், பொய் சொல்ல மாட்டேன்.

ஆனா ரெண்டாவது பாதி ஒருத்தன் காதுலயும் ஏறலை. எங்க ஊரைப் பத்தி ஒண்ணு சொல்லணும். சப்பரத்தோட முன்தண்டை யார் தோளில வைக்கிறது, தீர்த்தம் யாருக்கு முதல்ல தெளிக்கிறது, பந்தியில முதல் இலை யாருக்குங்கிறதுல எல்லாம் வரிசை உண்டு, அந்த வரிசை ஒரு முழம் பிசகுனா வெட்டுக்குத்து வரைக்கும் போவும். இதுல ஒரு வீட்டுக் குழாய்க்குப் பின்னால இன்னொரு வீட்டுக் குழாயைக் கட்டுறதா? "அவன் வீட்டுக் குழாய் குடிச்சு மிச்சம் வச்ச எச்சில் கரண்ட்டையா என் குழாய் குடிக்கணும்?"னு சிலுவை மாமா ராயப்பு அண்ணன் சட்டையைப் பிடிச்சிட்டாரு, அந்தத் தேய்ச்ச சட்டையை! எல்லாரும் நேரா மைனி கையில இருந்தே வயரை இழுத்தாவ. முதல் வயரு ஊர்த் தலைவர் தனிஸ்லாஸ் மாமா வீட்டுக்கு, அதுல பேச்சே கிடையாது. கடைசி வயரு சலேத்து அக்கா வீட்டுக்கு. ஊர் பேச்சை மீறிக் கல்யாணம் கட்டுனவங்கிறதால சப்பரங்கூட அவ வாசல்ல நிக்காது, அவளுக்கு வயரு குடுத்ததே பெருசுன்னாவ.

சப்பரம் கிளம்புற அன்னைக்கு மைனி அத்தனை வயரையும் பிடிச்சு, "அருள் நிறைந்த"ன்னு ஆரம்பிச்சா, அதுக்குள்ள அவ கை காந்தி, கண்ணு செருகி, வயரைப் போட்டுட்டு விழுந்துட்டா. எங்க அண்ணன் அவளைத் தூக்கிக்கிட்டு வந்து, "இனிமே எவனாவது வயரைக் கொண்டுக்கிட்டு இந்த வாசலுக்கு வந்தான்னா கடல்ல தள்ளிருவேன்"னு கத்துனான். அதுக்கப்புறம் வீட்டுக் குழாய் எல்லாம் சும்மாதான் நின்னுது. வரிசையை விட்டுக்குடுக்க ஒருத்தரும் தயாரா இல்லை, குழாயை இறக்கவும் ஒருத்தருக்கும் மனசில்லை.

அப்படி இருக்கையிலதான் அந்த வெள்ளைப் பனிமூடம் வந்துச்சு. விடியுமுன்ன வள்ளங்கள் எல்லாம் நல்ல தெளிஞ்ச கடல்லதான் போச்சு, எங்க அண்ணனும் போனான். மீனோட திரும்புற நேரத்துல கடல் மேல இருந்து பாலைக் கரைச்சு ஊத்துன மாதிரி ஒரு மூடம் இறங்கி, கலங்கரை விளக்கத்தை முழுங்கி, கோபுரத்தை முழுங்கி, முத்தத்துல நிக்கிறவ கையை அவளுக்கே தெரியாமப் பண்ணிருச்சு. எங்க கரைக்கு முன்னால கடலுக்குள்ள நீளமா ஒரு பார் உண்டு, கத்தி மாதிரிப் பாறை, அதுக்கு நடுவுல ஒரு வள்ளம் நுழையுற வாசல்தான். கரை எந்தப் பக்கம்னு தெரியாம வர்ற வள்ளம் அந்தப் பாரில ஏறுச்சுன்னா பலகைகூட மிஞ்சாது. வாக்கிடாக்கியில இரைச்சல் மட்டுந்தான் வந்துச்சு, ஆள் குரல் வரலை. கரை முழுக்கப் பொம்பளையள் நின்னு கத்துனோம், எங்க நீள வாயெல்லாம் அந்த மூடத்துல பத்தடி தூரம் போகலை. எங்க அம்மா மணல்ல உக்காந்துட்டாவ.

மைனி யாரையும் கேக்கலை. நேரா ராயப்பு அண்ணன்கிட்டப் போயி, "வயரைக் குடுங்க"ன்னா. முதல்ல கோபுரத்துக் குழாயை மட்டும் கட்டுனாரு. அவ அடித்தொண்டையில இருந்து ஒரு குரல் குடுத்தா, ஒரு குழாய் அந்தாலயே கருகிப் போச்சு, மிச்சத்துல வந்த சத்தம் பாரைக்கூடத் தாண்டியிருக்காது.

"பத்தாது. ஊர்க் குழாய் அம்புட்டும் வேணும்"னா மைனி.

"கோத்துக் கட்ட ஊரு சம்மதிக்கணுமே தங்கச்சி."

"கோக்காண்டாம். நேராவே கட்டுங்க, நான் பிடிக்கேன்."

"பிடிச்சா நீ செத்துப் போவ!"

"அவிய அந்தாப் பாரில ஏறிட்டா நான் இருந்து என்ன பண்ண? கட்டுங்கங்கேன்!"

ராயப்பு அண்ணன் முடியாதுன்னு கையைக் கட்டிக்கிட்டு நின்னாரு. அவளே ஓடி ஓடி, கீழே கிடந்த வயரு ஒவ்வொண்ணா எடுத்துக் கையில சுத்துனா. நான் அவளைப் பிடிச்சு இழுத்தேன், அவ என்னைத் தள்ளி விட்டுட்டா. எனக்கு அண்ணனும் வேணும், மைனியும் வேணும், இதுல எதை விடுன்னு எவ சொல்லுவா? அவ வாயைத் திறந்து ஒரு வார்த்தை கூப்பிட்டா, ஊரே அதிர்ந்துச்சு, அவ தோள்ல நான் போட்ட ஈரத்துண்டு 'சுர்'ருன்னு காஞ்சு போச்சு, லில்லி அக்கா நெத்தியில வச்ச கையைச் சுட்டுக்கிட்டு எடுத்தா. ரெண்டாவது வார்த்தைக்கு மைனிக்கு நிக்கத் தெம்பில்லை. அப்பத்தான் எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம், ஊரு முழுக்க அங்கதான நிக்கி, அத்தனை பேரையும் பார்த்துக் கேட்டேன்:

"ஏ முதல் மரியாதைக்காரவியளா! முன்னால நின்னு முன்னால நின்னு என்னத்தக் கண்டிய? ஒங்க குழாய் முன்னால நிக்கட்டும், எங்க அண்ணன் கல்லறைக்கும் முன்னால வந்து நில்லுங்க, முதல் பூ ஒங்களுக்குத்தான் தாறேன்!"

மூடத்துக்குள்ள இருந்து தனிஸ்லாஸ் மாமா வந்தாரு. அவரு வீட்டு ஆளுவ கடல்தொழிலை விட்டு வருஷமாச்சு, மகன்மாரு ரெண்டு பேரும் வெளிநாட்டுல இருக்கானுவ, அன்னைக்கு அந்தக் கடல்ல அவருக்குன்னு ஒரு உசுரு கிடையாது. கையில வயரு வெட்டுற கட்டிங் பிளேயர். மைனி கையில சுத்தியிருந்த அவரு வீட்டு வயரை, முதல் வயரை, தானே வெட்டுனாரு.

"ராயப்பு, சலேத்து வீட்டுக் குழாய் எது?"

"அந்தாத் தென்னை மரத்துல இருக்கது, மாமா."

"அதுக்குப் பின்னால என் குழாயைக் கட்டு."

கூட்டத்துல நின்ன சலேத்து அக்கா வாயில முந்தானையை வச்சுக்கிட்டா. ராயப்பு அண்ணன் ஏணியைத் தூக்கிக்கிட்டுத் தென்னை மரத்துக்கு ஓடுனாரு. அப்புறம் நடந்ததை நீங்க பார்த்திருக்கணும்! தலைவரே பின்னால போயாச்சுன்னா மத்தவன் முன்னால நிக்கிறது கேவலமில்லையா? "என் குழாய் சலேத்துக்குப் பின்னால"ன்னு ஒருத்தர், "எனக்குத் தலைவருக்கும் பின்னால"ன்னு இன்னொருத்தர், "போவே, கடைசி எடம் எங்க வீட்டுக்குத்தான், எங்க தாத்தா காலத்துலயே நாங்க பணிவுக்குப் பேர் போனவங்க"ன்னு சிலுவை மாமா மல்லுக்கு நின்னாரு. எல்லாரும் கடைசி எடத்துக்கு அடிச்சுக்கிட்டதுல ராயப்பு அண்ணன் ஏணி மேல நின்னு அழாத குறையாக் கத்துனாரு:

"எல்லாரும் பின்னால போனா முன்னால யாருவே நிப்பா? கோத்தா முன்னால உள்ளதுக்கும் பின்னால உள்ளதுக்கும் ஒரே கரண்ட்தான் ஓடும், எச்சிலும் இல்லை, மிச்சமும் இல்லை!"

"இதை முதல்லயே சொல்றதுக்கு என்ன?"

"சொன்னேனே! எவன் கேட்டான்?"

கட்டுனாவ. ஆம்பிளை, பொம்பளை, சாமியாரு, மூடத்துல தடவித் தடவி ஓட்டு மேல ஏறி, ஒரு வீட்டு வயரை அடுத்த வீட்டு வயரோட முறுக்கி, மேலத்தெருவைக் கீழத்தெருவோட முறுக்கி, பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பி வீட்டை ஒண்ணோட ஒண்ணு முறுக்கி, சரம் சரமாக் கோத்து, கோத்த சரத்தோட முனையை மட்டும் மைனி கையில குடுத்தாவ. அவ ஒரு தடவை செருமுனா. குழாய் எல்லாம் சேர்ந்து செருமுச்சு, ஒண்ணும் கருகலை. லில்லி அக்கா அவ நெத்தியில கையை வச்சுப் பார்த்துட்டு, "சூடே இல்லை, வழக்கம் போல இருக்கா"ன்னு சொல்லிட்டு அழுதுட்டா.

மைனி கூப்பிட்டா. மிக்கேலே, இன்னாசியே, பனிமயமேன்னு கடல்ல இருந்த ஒவ்வொருத்தனையும் பேர் சொல்லிக் கூப்பிட்டா. கடைசியில எங்க அண்ணன் முறை வந்துச்சு, எங்க ஊர்ல கட்டுனவன் பேரை வாயால சொல்ற பழக்கம் கிடையாது, அவ கண்ணை மூடிக்கிட்டு வீட்டுல கூப்பிடுற மாதிரியே கூப்பிட்டா: "இஞ்சேருங்க! கரை இந்தப் பக்கம்! இங்க வாங்க!"

அந்தக் குரலு குழாய்ல இருந்து கிளம்பி, மூடத்தைக் கிழிச்சு, பாரைத் தாண்டி, ஆழம் தெரியாத நீலத்துக்கு மேல போயி விழுந்துச்சு. கடல்ல இருந்த ஒவ்வொருத்தனும் அது தன் வீட்டுக்காரின்னு நினைச்சுத் திரும்புனான். கல்யாணம் ஆகாத பயலுவளும் திரும்புனானுவ, அதுக்கு இன்னைக்கு வரைக்கும் பதில் சொல்ல மாட்டேங்கானுவ. வடக்க இருந்தும் தெக்க இருந்தும் வந்த, நாங்க பேரே அறியாத ஊர் வள்ளங்களும் திரும்புச்சு. மைனி நிறுத்தலை. சத்தம் எங்க பலமோ அங்க முகத்தைத் திருப்பி, சத்தம் ரெண்டு காதுக்கும் சமமா வர்ற எடத்துல பார் வாசலைப் பிடிச்சு, ஒண்ணு பின்னால ஒண்ணா, முட்டாம மோதாம வள்ளங்கள் வந்துக்கிட்டே இருந்துச்சு. ஒவ்வொரு வள்ளம் மணல்ல ஏறும்போதும் நாங்க போட்ட சத்தத்துக்குக் குழாயே தேவைப்படலை. எங்க ஊரு, எங்க குழாயி, எங்க மைனி! எனக்கு அன்னைக்கு இருந்த பெருமையை அளக்க ராயப்பு அண்ணன்கிட்டக்கூட மீட்டர் கிடையாது.

எங்க அண்ணன் வள்ளம் எல்லாத்துக்கும் பிறகுதான் வந்துச்சு. அவன் இறங்கி, இடுப்பளவுத் தண்ணியில நடந்து வந்து மைனி முன்னால நின்னான். அவ இன்னும் வயரை விடலை, விரலு அப்படியே மடங்கிப் போயிருந்துச்சு, அவன்தான் ஒவ்வொரு விரலா நீட்டி வயரை எடுத்தான். அவ என்னமோ கேட்டா. வயரு இல்லை, தொண்டையும் கட்டிப் போச்சு, உதடு அசைஞ்சுதே தவிர சத்தம் வரலை.

"என்ன பிள்ள? கேக்கலை. கூப்பிட்ட கூப்பாட்டுல காது அடைச்சுப் போச்சு, சத்தமாச் சொல்லு"ன்னான் அண்ணன்.

அவ மறுபடியும் உதட்டை அசைச்சா. பக்கத்துல நின்ன நான் அவ வாயைப் பார்த்தேன், சலேத்து அக்கா பார்த்தா, தனிஸ்லாஸ் மாமா பார்த்தாரு, பின்னால நின்னவியளுக்கு முன்னால நின்னவிய சொன்னாவ, அவிய அவியளுக்குப் பின்னால சொன்னாவ, அப்புறம் மணல்ல நின்ன அத்தனை பேரும், அசலூர்க்காரனும் சேர்ந்து, ஒரே குரலாக் கத்துனோம்:

"வந்துட்டியளான்னு கேக்கா!"

எங்க அண்ணன் எங்க எல்லாரையும் ஒரு சுத்து பார்த்தான். அவ ஒரு முழ தூரத்துலதான் நிக்கா, இருந்தாலும் ஊரைப் பார்த்துத்தான் சொன்னான்:

"வந்துட்டேன்னு சொல்லுங்க."